ஆரியாவின் உச்ச ஸ்வரத்தில் சிக்கும் சொல்

ஆங்கில ஓபராவில் (பாட்டாகவே நடக்கும் நாடகத்தில்) நீங்கள் எழுதிய ஆரியாவின், அதாவது தனிப்பாடலின், ஒரு வரியை இசையமைப்பாளர் திருப்பி அனுப்பினால், அதை முழுதாக மாற்றாதீர்கள். 'ஸ்லீப்' என்ற சொல்லை மட்டும் உச்ச ஸ்வரத்திலிருந்து இறக்குங்கள்.

அவர் காரணம் சொல்லாமல் "பாட வராது" என்று திருப்பி அனுப்புவது அநேகமாக அந்தச் சொல்லில் உள்ள ஈகாரத்தால்தான். ஈகாரத்தின் முதல் ஒத்ததிர்வு (வாயும் தொண்டையும் ஒலியைப் பெருக்கும் இடம்) சுமார் 300 ஹெர்ட்ஸ். சோப்ரானோ எனும் உச்சக் குரல் பாடகியின் உயர் 'ஸி' ஸ்வரமோ 1046 ஹெர்ட்ஸ். அந்த உயரத்துக்கு ஒத்ததிர்வையும் ஏற்ற வாயை அகலத் திறந்தாக வேண்டும், திறந்தால் ஈ ஆகாரமாகிவிடும். கடைசி 'ப்' வேறு, நீளும் ஸ்வரத்தைப் பட்டென்று அடைக்கும்.

வோக்கல் ஸ்கோர் (பாடும் வரிகளும் பியானோவும் மட்டும் உள்ள இசைக் குறிப்பு) வாங்கி, அதன் ஐந்து கோடுகளில் மேலே உள்ள ஐந்தாம் கோட்டுக்கு மேலே விழும் அசைகளை வட்டமிடுங்கள். கதைக்கு உயிரான சொல் அதில் இருந்தால், முன்கூட்டியே நடு ஸ்தாயியில் ஒருமுறை வைத்துவிட்டு, உச்சத்துக்கு 'ஸ்டார்', 'ஃபார்' மாதிரி கொடுங்கள். அசை எண்ணிக்கையும் அழுத்தமும் மாறக்கூடாது. மாறினால் இசையமைப்பாளர் மெட்டைப் பிரிக்க வேண்டிவரும், சண்டைதான்.

சில பாடகிகளுக்கு ஈகாரமே வசதி. பாடகி தேர்வு முடிந்திருந்தால் அவரிடமே கேளுங்கள். சர்டைட்டில் (மேடைக்கு மேலே திரையில் காட்டும் வரிகள்) ஓடுமே என்று விட்டுவிடாதீர்கள், சிறிய அரங்கில் அது இல்லாமலும் போகும்.