பைபிளை நம்புகிறவர் பரிணாமத்தையும் ஏற்க முடியுமா?

முடியும். நான் ஏற்றிருக்கிறேன். ஆனால் "ரெண்டுக்கும் சண்டையே இல்லை" என்று சொல்பவர்கள் பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தை ஊன்றி வாசித்ததில்லை என்பேன்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். அப்பா லுத்தரன் சபையில் உபதேசியாராக இருந்தவர். எனக்கு வாரத்தில் ஐந்து நாள் டார்வின், ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் பைபிளின் படைப்புக் கதை வரும் ஆதியாகமம்.

எங்கள் ஊர் முழுக்க வண்டல். கொள்ளிடம் தாண்டி அரியலூர் போனால்தான் பாறையே கண்ணில் படும். ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனோம். சுண்ணாம்புப் பாறைக்குள் கிளிஞ்சல், ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் (அழிந்துபோன ஒரு கடல் உயிரியின் ஓடு). கடலோ எழுபது எண்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

வீட்டில் சொன்னதும் அப்பா, "நோவா காலத்து ஜலப்பிரளயம்மா அது" என்றார். பிரளயம் எல்லாவற்றையும் சேர்த்துப் புரட்டியிருந்தால் அம்மோனைட்டோடு மாட்டெலும்பும் கிடக்க வேண்டுமே? அங்கே டைனோசர் எலும்பு உண்டு, சுறாப்பல் உண்டு. மாடு இல்லை, ஆடு இல்லை. அப்பா பதில் சொல்லாமல் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கடவுள் உலகை ஆறு நாளில் படைத்தார் என்ற ஆதியாகமக் கணக்கு என்னை உறுத்தியதில்லை. சூரியனே நாலாம் நாள்தான் வருகிறது. அதற்குள் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" மூன்று நாள் ஓடிவிடுகிறது. இவை நம் வழக்கமான நாட்கள் அல்ல என்று ஆதித் திருச்சபையின் அறிஞர் அகுஸ்தீன் எழுதியபோது டார்வின் பிறக்க இன்னும் 1300 ஆண்டுக்கு மேல் இருந்தது. டார்வினுக்குப் பயந்து சொன்ன சாக்கு அல்ல அது.

கத்தோலிக்கர் பாடு கொஞ்சம் சுலபம். மனித உடல் முந்தைய உயிரிலிருந்து வந்திருக்கலாமா என்று ஆராய 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அனுமதித்தார். ஆன்மா மட்டும் கடவுள் நேரே தருவது என்றார். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்தைத் தாண்டிவிட்டது என்றே சொல்லிவிட்டார்.

முடிச்சு முதல் மனுஷனான ஆதாமிடம்தான். "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும்" வந்தது என்கிறார் பவுல் (ரோமர் 5:12). அம்மோனைட்டோ மனுஷன் வருவதற்குப் பல கோடி ஆண்டு முன்பே செத்துக் கல்லாகிவிட்டது. பவுல் சொல்வது மனுஷருடைய மரணத்தை மட்டும் என்று சமாளிக்கலாம், வசனமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் மரபணுக் கணக்குப்படி நம் முன்னோர் ஒரே ஒரு ஜோடியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. எபிரெயத்தில் ஆதாம் என்றாலே மனிதன், அது ஒரு ஆளின் பெயரல்ல என்பார்கள். எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் லூக்கா எழுதிய இயேசுவின் வம்ச அட்டவணை யோசேப்பில் தொடங்கி, ஆள் ஆளாக ஏறி, ஆதாமில் போய் நிற்கிறதே! அங்கே நான் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் சண்டே ஸ்கூலில், மிருகங்களுக்கு ஆதாம் பேர் வைத்த கதையைக் கேட்ட ஒரு பொடியன், "டைனோசருக்கும் ஆதாம்தான் பேர் வச்சாரா டீச்சர்?" என்றான். இல்லடா, 1842இல் ரிச்சர்ட் ஓவன் என்ற இங்கிலாந்துக்காரர் வைத்தது என்றேன். அவரே பிற்பாடு டார்வினோடு மல்லுக்கு நின்றவர் என்பதை அவனிடம் சொல்லவில்லை.