ஜெராக்ஸ் கடையும் டெலிகிராம் குழுவும்

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டத்தில் ஒரு கலைக்கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். முதுகலை மாணவர்களுக்கு நாலைந்து ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து ஆளுக்கொரு அத்தியாயம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது வழக்கம். சமீபத்தில் நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது, பதிப்புரிமைப் பிரச்சினை வரும், இனி யாரும் நகல் கொடுக்கக் கூடாது என்று. மாணவர்களில் பலர் பஸ் காசுக்கே யோசிக்கிறவர்கள். ஆயிரக்கணக்கில் விலைபோட்ட புத்தகத்தை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டெல்லி ஜெராக்ஸ் வழக்குத் தீர்ப்பைப் பாராட்டி நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஆனால் உங்கள் நாவலின் பி.டி.எஃப். ஒரு டெலிகிராம் குழுவில் வந்தபோது அதை எடுக்கச் சொல்லிப் பதிவும் போட்டீர்கள். உங்களுக்கு ஒரு நியாயம், ஆங்கிலப் பதிப்பகத்துக்கு ஒரு நியாயமா? குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்குத் தெளிவு வேண்டும்.

ஓர் ஆசிரியை (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் சுற்றறிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். நீங்கள் செய்வது குற்றமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, அதன் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலை நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று நேரடியாகவே சொல்கிறது. யாரோ கண்டும் காணாமல் விட்டதால் நடக்கிற காரியம் இல்லை இது, நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்தது.

டெல்லி வழக்கு இந்த வரியை வைத்துத்தான் நடந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்துக்குள் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு வேண்டிய கட்டுரைகளைக் குறித்துக் கொடுப்பார்கள், கடைக்காரர் அவற்றை நகலெடுத்துச் சேர்த்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பார். அந்த மாதிரிக் கட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தை அழுத்திப் பிடித்ததில் நடுமடிப்புப் பக்கம் கறுப்பாக விழுந்து வரிகளின் கடைசி எழுத்துகள் போயிருக்கும், எப்போதோ யாரோ பென்சிலால் அடிக்கோடிட்டதும் சேர்ந்தே நகலாகி வந்திருக்கும். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து இந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. அந்தப் புத்தகங்களை எழுதியவர்களிலேயே சிலர், எங்கள் பெயரைச் சொல்லி இந்த வழக்கை நடத்தாதீர்கள் என்றார்கள். அமர்த்தியா சென்னும் பதிப்பகங்களுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டார்.

பதிப்பகங்களின் வாதம் இதுதான்: பாடம் நடத்தும்போது என்றால் வகுப்பறைக்குள், ஆசிரியர் நின்று பேசுகிற அந்த நேரத்துக்குள் மட்டும், கடையில் கட்டுக்கட்டாக எடுப்பது அதில் வராது. 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா இதை ஏற்கவில்லை. கற்பித்தல் மணி அடித்ததும் தொடங்கி மணி அடித்ததும் முடிகிற காரியமா என்ன? பாடத்திட்டம் போடுவது, வகுப்புக்கு முன்னால் படித்துவரச் சொல்வது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்ததுதானே. தாம் படித்த காலத்தில் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்ததையும் அவர் தீர்ப்பில் சொல்கிறார். கையால் எழுதினால் குற்றமில்லை, இயந்திரம் எடுத்தால் குற்றம் என்று எப்படி ஆகும் என்பது அவர் கேள்வி. அதே வருஷம் டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த இரண்டு நீதிபதிகள் அமர்வும், பாடத்துக்கு அந்த அளவு தேவையா என்பதுதான் அளவுகோல், இத்தனை பக்கம் இத்தனை சதவீதம் என்று கணக்கு கிடையாது என்றது. இந்தக் கட்டுகளில் இருந்தது பாடத்துக்குத் தேவையானதுதானா என்பதை மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன.

சரி, இப்போது என் நாவல். நியாயம் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பதிப்புரிமை என்பது நிலம்போலப் பரம்பரைச் சொத்து இல்லை. எழுதுகிறவனுக்கும் அச்சடிக்கிறவனுக்கும் ஓரளவு காசு வந்தால்தான் அடுத்த புத்தகம் வரும், அது வந்தால் ஊருக்கு நல்லது என்பதற்காகச் சில காலத்துக்குச் சட்டம் கொடுத்து வைத்திருக்கிற உரிமை. ஊருக்கு நல்லது என்கிற அந்தக் காரணம் எங்கே நிற்கிறதோ அங்கே அதை மதிக்க வேண்டும், எங்கே அது படிப்பையே மறிக்கிறதோ அங்கே வழிவிட வேண்டும். உங்கள் மாணவர் அந்த ஆங்கிலப் புத்தகத்தை எப்படியும் வாங்கப் போவதில்லை, ஜெராக்ஸ் இல்லையென்றால் படிக்காமல் போவார், அவ்வளவுதான். பதிப்பகத்துக்கு அதனால் ஒரு பைசா கூட நஷ்டமில்லை. தமிழில் ஒரு நாவல் முந்நூறு, ஐந்நூறு பிரதி அச்சாகிறது, விலை ஓர் ஆள் சினிமாவுக்குப் போய்வருகிற செலவு, அதைப் போடுகிறவர் பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்டவர். வெளியான வாரத்திலேயே முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிற குழுவில் போட்டால், வாங்கக்கூடியவர்களே வாங்காமல் போகிறார்கள். அங்கே பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. இதே நாவலில் ஓர் அத்தியாயத்தைத் தமிழ்த்துறையில் யாராவது நகலெடுத்து வகுப்பில் கொடுத்தால் எனக்குச் சந்தோஷம்தான், அனுமதிகூடக் கேட்க வேண்டாம்.

அதே சமயம் எழுத்தாளன் பெயரைச் சொல்லி இந்த உரிமையை நீட்டிக்கொண்டே போவதும் எனக்கு உடன்பாடில்லை. முன்பு இங்கே எழுத்தாளர் மறைந்து ஐம்பது வருஷம்வரைதான் பதிப்புரிமை. தாகூர் மறைந்தது 1941-இல், 1991 முடிவோடு அவர் எழுத்து பொதுவுக்கு வந்திருக்க வேண்டும். உரிமை அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது, கடைசி நேரத்தில் அந்த ஐம்பது வருஷத்தை அறுபதாக ஆக்கினார்கள். சட்டம் ஒருவருக்கு மட்டும் மாறாதே, 1942-இல் மறைந்த உ.வே.சா. எழுத்துக்கும் அதே பத்து வருஷம் கூடிற்று. நம் ஊரில் இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல காரியம் நடந்தது: 1949-இல் அரசு பாரதி எழுத்தின் உரிமையை வாங்கி, பிற்பாடு எல்லாருக்கும் பொதுவாக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சடிக்கிறார்கள். அதற்குப் பிறகு நாட்டுடைமையான எழுத்தாளர்கள் எத்தனையோ பேர், குடும்பத்துக்குப் பரிவுத்தொகையும் கிடைத்தது, வாசகனுக்குப் புத்தகமும் கிடைத்தது.

ஆய்விதழ்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே எழுதுகிறவருக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பிட்டுச் சொல்கிறவருக்கும் பெரும்பாலும் கிடையாது, ஆய்வுக்குப் பணம் பல நேரம் அரசு கொடுத்தது. முடிவில் அதே கட்டுரையைப் படிக்க அதே பல்கலைக்கழகம் சந்தா கட்ட வேண்டும். மத்திய அரசு 2024-இல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களைத் திறந்துவிட ஏற்பாடு செய்தது. நல்லதுதான், ஆனால் தொடங்கியபோது அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள்தானே?

உங்கள் கல்லூரி விஷயத்தில் நான் சொல்வது இது. பழைய தமிழ் நூல்கள் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டமும் இருக்கின்றன, அங்கே ஜெராக்ஸுக்கே வேலையில்லை. உள்ளூர்ப் பதிப்பகம் போட்ட நூற்றைம்பது ரூபாய்ப் பாடநூல் என்றால் வாங்கச் சொல்லுங்கள், முடியாதவர்களுக்கு நூலகத்தில் நாலைந்து பிரதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மற்றபடி எந்தப் பாடத்துக்கு எந்த அத்தியாயம் என்று பாடத்திட்டத்திலேயே எழுதி, நகலின் முதல் பக்கத்தில் நூல் பெயரும் ஆசிரியர் பெயரும் போட்டு, தைரியமாகக் கொடுங்கள். அப்புறம், முதல்வரிடம் வாயால் வாதாட வேண்டாம். 52-ஆவது பிரிவையும் 2016 டிசம்பர் தீர்ப்பையும் அச்செடுத்து, இதைப் பார்த்துவிட்டுச் சுற்றறிக்கையைத் திருத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்பு கையில் இல்லையென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.