போர் தண்ணீரும் மஞ்சள் இலையும்

திருவொற்றியூரில் மாடியில் செம்பருத்தி வைத்திருக்கிறீர்கள், குழாயில் போர்வெல் தண்ணீர், தொட்டி ஓரமெல்லாம் வெள்ளைப் படிவு, துளிர் மஞ்சளாகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் படிவின்மேல் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு, அதாவது கடினநீர். தண்ணீர் வாயில் கரித்தால் உப்பும் இருக்கிறது. கடலோரத் தெருக்களில் ரெண்டும் சேர்ந்தே வரலாம்.

சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் காரணம். யூரியா போட்டுப் பயனில்லை. வேர் எடுக்கும்படி இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைக்கும் உரம் உண்டு; இ.டி.டி.எச்.ஏ வகை இரும்பு கீலேட் என்று உரக்கடையில் கேட்டு வாங்குங்கள், காரமண்ணில் அதுதான் நிற்கும். மாதம் ஒருமுறை மண்புழு உரமும் போடுங்கள்.

உப்புக்கு வைத்தியம் வேறு. தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அடித்துளையில் நன்றாக வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள், உப்பு அதில் இன்னும் அதிகம். வாட்டர் சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது.

ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்துக் கலந்து ஊற்றலாம். அப்புறம் மழை! 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே ஏறக்குறைய 1,000 லிட்டர். ஐப்பசிக்கு முன் ஒரு மூடிபோட்ட டிரம் வாங்கிவிடுங்கள்.