நறுமண எண்ணெய் கிருமியைக் கொல்லுமா? கேள்வி பதில்

கே: கிராம்பு எண்ணெய் உண்மையிலேயே பாக்டீரியாவைக் கொல்லுமா?

ப: கொல்லும். அதிலுள்ள யூஜினால் கொழுப்போடு ஒட்டும் பொருள், அதனால் பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடுகிறது. உள்ளேயிருக்கும் பொட்டாசியம் அயனிகளும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியும் கசிந்து வெளியேற, செல் செத்துப்போகும். ஓமத்திலுள்ள தைமாலும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. ஆனால் சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் ரகங்களுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, அங்கே பல எண்ணெய்களின் பாச்சா பலிக்காது. அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் குடித்துப் பார்க்காதீர்கள்.

கே: தொண்டை வலிக்கு இரண்டு சொட்டு விழுங்கலாமா?

ப: கூடாது.

கே: பாக்டீரியா வளர்க்கும் அகார் (ஜெல்லி) தட்டில் கிருமி வளராத வளையம் கிராம்பு எண்ணெய்க்கு 22 மி.மீ., ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 18. அப்போ எண்ணெய்தானே பெரிது?

ப: தட்டில் வைக்கும் ஜென்டமைசின் வட்டில், அதாவது மருந்து ஊறிய சிறு காகித வில்லையில், வழக்கமாக இருப்பது 10 மைக்ரோகிராம். நீங்கள் எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள்?

கே: 10 மைக்ரோலிட்டர்.

ப: கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடச் சற்றே கனம், ஆக 10 மில்லிகிராமுக்குக் குறையாது. ஆயிரம் மடங்கு ஊற்றிவிட்டு 4 மி.மீ.க்கு மார்தட்டுகிறீர்கள்!

கே: எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

ப: செய்கிறார்கள், அதுதான் என் ஆதங்கமே. எண்ணெய் ஈரமான அகாரில் சரியாகப் பரவாது, கொஞ்சம் ஆவியாகி மூடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு பக்கத்து வட்டின் வளையத்தையும் பெரிதாக்கிக் காட்டும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? பாக்டீரியா வளரும் திரவ ஊடகத்தில் எண்ணெயைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சி நிற்கும் மிகக் குறைந்த அளவைப் பாருங்கள். எண்ணெயைக் கரைக்க ட்வீன் 80 சேர்த்தால், எண்ணெயே இல்லாமல் ட்வீன் மட்டும் போட்ட குழாய் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

கே: திறந்து பல மாதமான டீ ட்ரீ எண்ணெயைத் தோலில் தடவலாமா?

ப: காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானது ஒவ்வாமையைக் கிளப்பும். தூக்கிப் போடுங்கள்.

கே: டிஃப்யூசரில் விட்டால் அறையிலுள்ள கிருமி போகுமா? பூனை வளர்க்கிறோம்.

ப: அறை மணக்கும், அவ்வளவுதான். யூஜினால் போன்ற பீனால் வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவதில் பூனையின் கல்லீரல் ரொம்பப் பலவீனம், அதனால் வேண்டாம்.

கே: தினம் எத்தனை சொட்டு குடிக்கலாம்?

ப: மேலே படியுங்கள்.

கே: சரி, 10 மைக்ரோலிட்டரை 1 ஆகக் குறைத்தால் ஒப்பிடலாமா?

ப: அப்போதும் நூறு மடங்கு அதிகம். திரவ ஊடகம், ஐயா, திரவ ஊடகம்.