இக்போ வீட்டுக் கல்யாணத்தில் கோலா தட்டு உங்கள் முன் வரும்போது

கேள்வி: நைஜீரியாவின் லாகோஸில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும், தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இனத்து நண்பர், டிசம்பரில் அனம்ப்ரா மாநிலத்தில் தன் சொந்த ஊரில் நடக்கும் தங்கையின் பாரம்பரியத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்ள வேண்டும்? என்ன உடுத்துவது, என்ன கொடுப்பது? நாங்கள் சைவம்.

பதில்: கட்டாயம் போய் வாருங்கள். லாகோஸில் மண்டபம் பிடித்து நடத்தும் கல்யாணத்தைவிடச் சொந்த ஊரில் நடப்பதில்தான் முறைகள் முழுசாக இருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்: கோலா கொட்டை. மென்று தின்னும் கசப்பான கொட்டை அது. இக்போக்கள் அதை 'ஓஜி' என்பார்கள். அது வந்து, சுற்றி, உடைக்கப்படும்வரை கல்யாணப் பேச்சே தொடங்காது.

தட்டில் கோலாவும், பக்கத்தில் 'ஓசே ஓஜி' என்ற காரமான நிலக்கடலை விழுதும், சிறு கத்தரிக்காய்களும் இருக்கும். பெண் வீட்டார் அதை முதலில் தங்கள் பங்காளிகளிடம் காட்டுவார்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டார், அப்புறம் மற்ற விருந்தினர் என்று ஒழுங்காக நகரும். உங்கள் முன் தட்டு நின்றதும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள். அது இன்னும் சாப்பிடும் கட்டத்துக்கு வரவில்லை, உங்களுக்குக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். வலது கையால் தட்டைத் தொட்டு அனுப்பிவிடுங்கள். இடது கையை எதற்கும் நீட்ட வேண்டாம். சுற்றி முடிந்து தட்டு வீட்டுக்காரரிடமே திரும்பும். பிறகு மூத்தவர் ஒருவர் கோலாவைக் கையில் ஏந்தி வேண்டுவார், அதுவும் இக்போ மொழியில் மட்டும். கோலாவுக்கு வேறு மொழி புரியாது என்பது அவர்கள் வழக்கு. ஒவ்வொரு வேண்டுதல் முடிவிலும் கூட்டமே 'ஈசே' என்று சொல்லும். நீங்களும் சொல்லலாம், மகிழ்வார்கள்.

வேண்டுதல் முடிந்ததும் பெரும்பாலும் இளையவர் ஒருவர் உடைத்து, எத்தனை பருப்பு என்று எண்ணிச் சொல்வார். நான்கு வந்தால் முகங்கள் மலரும். இக்போ வாரத்துக்கு நான்கே நாள்: எகே, ஓரியே, அஃபோ, ன்க்வோ. நான்கும் சந்தை நாட்களின் பெயர்கள். சடங்குக்கு உரியது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பருப்புள்ள ரகம். லாகோஸ் தெருவில் விற்கும் இரண்டு பருப்புக் கோலா மென்று தின்பதற்கானது, மரியாதைக்கு என்று அதை வாங்கிப் போகாதீர்கள். பெண்கள் கோலா உடைப்பது வழக்கமில்லை. உங்கள் மனைவிக்கு ஒரு துண்டு தருவார்கள், வாங்கிக்கொள்ளலாம். கடுங்கசப்பு, காஃபீனும் உண்டு. விழுதில் தோய்த்துச் சிறிதாகக் கடியுங்கள்.

இவ்வளவு மெதுவாக ஏன் என்று தோன்றும். பெரும்பாலான இக்போ ஊர்களில் அரசர்கள் இருந்ததில்லை. ஒனிட்சாவின் 'ஓபி' போன்ற விதிவிலக்குகள் உண்டு. ன்ரி என்ற ஊரின் குருராஜாக்களும் படையை வைத்து ஆளவில்லை, சடங்கு அதிகாரத்தை வைத்துத்தான் ஆண்டார்கள். மற்றபடி 'உமுன்னா' எனப்படும் பங்காளிகளின் கூட்டம் பேசித்தான் எதையும் முடிவு செய்தது. அப்படிப்பட்ட ஊரில் யார் முதலில் பேசுவது, யார் கிளை மூத்தது என்பதே ஆட்சி முறை. அந்த வரிசையைத்தான் கோலா தட்டு சபை முன் ஒவ்வொரு முறையும் உறுதி செய்கிறது. தட்டு தவறான ஆளிடம் போய்விட்டால் பெரியவர்கள் நிறுத்தி வாதாடுவார்கள். சண்டை என்று நினைத்துப் பதறாதீர்கள்.

நைஜீரியாவை ஆண்ட பிரிட்டிஷார் இதைப் புரிந்துகொள்ளாமல், தாங்களே நியமனப் பத்திரம் கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினார்கள். 1929 நவம்பரில் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற அச்சம் ஓலோகோ என்ற ஊரில் வெடித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தத் தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து பாடி, ஆடி, இருப்புக் கொள்ள விடாமல் செய்தார்கள். தவறு செய்த ஆணைத் தண்டிக்கப் பெண்கள் கையாண்டுவந்த பழைய முறை அது. துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த நியமன முறை கைவிடப்பட்டது. கல்யாணத்தில் ஒரு பக்கமாகக் கூடி உட்கார்ந்திருக்கும், அந்தக் குலத்தில் பிறந்த பெண்களை 'உமுவாடா' என்பார்கள். அவர்களுக்குத் தனியாக வணக்கம் சொல்லுங்கள். அந்த வீட்டில் அவர்கள் சொல்லுக்குப் பெரிய எடை உண்டு.

நாளின் உச்சம் கள் சுமப்பது. தந்தையோ பெரியப்பாவோ மணப்பெண் கையில் கள் நிறைந்த கோப்பையைக் கொடுத்து, உன் கணவன் யார், காட்டு என்பார். மாப்பிள்ளை கூட்டத்துக்குள் ஒளிந்தாற்போல் உட்கார்ந்திருப்பார். இளைஞர்கள் இங்கே வா, இங்கே வா என்று கைகாட்டிக் கேலி செய்வார்கள். அவள் ஆடியபடியே தேடிப் போய், அவர் முன் மண்டியிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுப்பாள். அவர் குடித்து முடித்ததும் இருவரும் தந்தையிடம் போய் ஆசி வாங்குவார்கள். ஊர் சாட்சியாகத் திருமணம் உறுதிப்படுவது அந்த நொடியில்தான். அந்த நேரத்தில் படம் எடுக்கிறேன் என்று குறுக்கே நிற்காதீர்கள்.

உடை விஷயத்தில், சிவப்புத் தொப்பியும் கழுகு இறகும் ஊரில் மரபுப் பட்டம் பெற்ற பெரியவர்களின் அடையாளம், ஆசைக்கு அணிய வேண்டாம். நண்பர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே துணி எடுத்தால் அதில் தைத்துக்கொள்வது நல்ல மரியாதை. உங்கள் மனைவி தயங்காமல் பட்டுப்புடவை கட்டலாம். இக்போப் பெண்கள் கல்யாணத்துக்கு இடுப்பில் சுற்றும் விலையுயர்ந்த 'ஜார்ஜ்' துணி, சென்னையிலிருந்து கப்பலேறிப் போன துணி வணிகத்தோடு தொடர்புடையது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டியே அந்தப் பெயர் என்று சொல்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய எல்லாக் குழம்பிலும் பொடித்த இறாலோ கருவாடோ இருக்கும், 'ஜோலோஃப்' என்ற தக்காளிச் சோறும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கும். வேகவைத்த பெருவள்ளி வகைக் கிழங்கான 'யாம்', பொரித்த வாழைக்காய் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இக்போப் பகுதி 'பியாஃப்ரா' என்ற தனி நாடாகப் பிரிய முயன்றபோது மூண்ட பியாஃப்ரா போரைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். 1967 முதல் 1970 ஜனவரி வரை நடந்த அந்தப் போரிலும் பட்டினியிலும் உறவை இழக்காத குடும்பம் அங்கே அரிது. பெரியவர்கள் தாமாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

கிழங்கு, கள், துணி என்று நீளும் சீர்ப் பட்டியல் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, உங்களுக்கு அதில் பங்கில்லை. பணத்தை உறையில் போட்டுக் கொடுங்கள். ஆடும் மணமக்கள் மேல் நோட்டுகளை வீசுவதைப் பார்ப்பீர்கள். 2007ஆம் ஆண்டின் நைஜீரிய மத்திய வங்கிச் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனைகூட உண்டு, சமீப காலத்தில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. வெளிநாட்டவரான நீங்கள் அதில் கைவைக்கவே வேண்டாம்.