டவுன்ஹில் சைக்கிளுக்கு எந்த டிஸ்க் பிரேக் வாங்கலாம்? எப்படிப் பொருத்த வேண்டும்?

பிராண்டைப் பார்ப்பதற்கு முன் சூட்டைக் கணக்குப் போடுங்கள். டவுன்ஹில்லில், அதாவது செங்குத்தான மலைப்பாதையில் வேகமாக இறங்கும் ஓட்டத்தில், பிரேக் கைவிடுவது பெரும்பாலும் வலு போதாமல் அல்ல, சூடு தாங்காமல்தான். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பைப் பாதை ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளம், சுமார் 550 மீட்டர் இறக்கம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், கீழே வந்து சேர்வதற்குள் 5.4 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 7 நிமிடத்தில் இறங்குகிறவருக்கு அது சராசரியாக 1,280 வாட். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒன்று வழிநெடுக முழுச் சூட்டில் இருப்பதைவிட அதிகம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் இரண்டு ரோட்டர்களின் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகள்) தலையில்தான்.

ரோட்டரைக் கவ்வும் பாகம் காலிப்பர்; அதற்குள் இருக்கும் பிஸ்டன்கள்தான் பேட் எனும் உராய்வுத் தகடுகளை ரோட்டர் மேல் தள்ளும். அதனால் கேபிளில் இயங்கும் பிரேக்கையும் இரண்டு பிஸ்டன் காலிப்பரையும் விட்டுவிடுங்கள். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது), நான்கு பிஸ்டன், இரண்டு சக்கரத்திலும் குறைந்தது 200 மில்லிமீட்டர் ரோட்டர்: இதுதான் தொடக்கம். உடல் எடை 85 கிலோவுக்கு மேல் என்றால், அல்லது நீண்ட மலை இறக்கங்களுக்குப் போகிறீர்கள் என்றால், முன்னால் 220 போடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அந்த அளவை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். 200-லிருந்து 220-க்குப் போனால் அதே விரல் அழுத்தத்துக்குப் பிடிப்பு 10 சதவீதம் கூடும், சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகமும் கூடும். புது பிரேக் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கும் நான் முதலில் சொல்வது பெரிய ரோட்டரைத்தான்.

சிமானோ செயிண்ட், ஸ்ராம் கோட், ஸ்ராம் மேவன், மகுரா எம்டி7, ஹோப் டெக் 4 வி4, ஹேய்ஸ் டொமினியன் ஏ4 ஆகிய எதுவும் இந்த வேலைக்குப் போதும். வேறுபாடு விரலில்தான் தெரியும். சிமானோவில் விரலால் இழுக்கும் லிவரைத் தொட்டதும் பேட் சட்டென்று போய்க் கவ்வும். கோட் மெதுவாக, அழுத்த அழுத்தக் கூடும். வழுக்கும் சேற்றில் எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை. உங்கள் ஊரில் எந்த பிரேக்குக்கு பேடும் எண்ணெயும் சுலபமாகக் கிடைக்கின்றனவோ, அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

எண்ணெயில் மட்டும் பிராண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிமானோவும் மகுராவும் மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ் டொமினியன் இரண்டும் டாட் திரவம் (கார் பிரேக்கில் ஊற்றும் வகை). ஸ்ராமிலோ கோட் டாட் 5.1 கேட்கும், மேவன் மினரல் ஆயில் கேட்கும். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும், பிறகு லிவரும் காலிப்பரும் குப்பைதான். டாட் 5 சிலிகான் வகை, அது இவை எதற்கும் ஆகாது. டாட் திரவம் காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 5.1 குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் தரநிலை கேட்பது 180 டிகிரிதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பேடில் ரெசின், உலோகம் என்று இரண்டு வகை. ரெசின் சத்தமில்லாமல் முதல் தொடலிலேயே பிடிக்கும், ஆனால் நீண்ட சூட்டில் பிடிப்பு நழுவும், மழைச் சேற்றில் ஒரே நாளில்கூடத் தேய்ந்துபோகும். நீளமான இறக்கத்துக்கும் ஈரத்துக்கும் உலோக பேட். சில மலிவான ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று பொறித்திருக்கும். அதில் உலோக பேட் போட்டால் ரோட்டர் வேகமாகத் தேய்ந்துவிடும்.

பொருத்தும்போது பலர் சறுக்கும் இடம் 200-க்கும் 203-க்கும் இடையிலான வித்தியாசம். ஆரத்தில் 1.5 மில்லிமீட்டர்தான், ஆனால் விடக் கூடாது. 200-க்கு அமைந்த ஃபோர்க்கில் 203 ரோட்டர் போட்டால் காலிப்பர் உடலில் ரோட்டர் உரசலாம். காலிப்பருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் 1.5 மில்லிமீட்டர் வாஷர் வைக்க வேண்டும். தலைகீழாக, 203-க்கு அமைந்ததில் 200 போட்டால் பேடின் மேல்விளிம்பு ரோட்டருக்கு வெளியே நிற்கும். அந்த விளிம்பு தேயாமல் மேடாகி, பேட் தேயத் தேய இரண்டு பக்க மேடுகளும் ஒன்றையொன்று முட்டும். அப்புறம் லிவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு வராது. ரோட்டர் தடிமனையும் பாருங்கள்: சிமானோ 1.8 மில்லிமீட்டர், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஸ்ராம் எச்எஸ்2 என்றால் 2.0, 1.7-இல் மாற்ற வேண்டும்.

ஆறு போல்ட் ரோட்டரை டி25 டார்க்ஸ் சாவியால், எதிரெதிர் போல்ட்டாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இறுக்கும் அளவு: சிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராம் 6.2. சென்டர் லாக் (ஆறு போல்ட்டுக்குப் பதில் ஒரே வளையத்தால் பூட்டும் வகை) என்றால் 40. அதன்பின் ரோட்டரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், வெறும் விரலால் தொடாதீர்கள்.

காலிப்பரை நேராக்குவதற்கு, போல்ட்டைத் தளர்த்தி லிவரைப் பிடித்துக்கொண்டே இறுக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாதி நேரம் அது சரியாக வராது, காரணம் பிஸ்டன்கள். நான்கும் ஒரே அளவு நகராவிட்டால் காலிப்பர் கோணலாக உட்காரும். எனவே முதலில் பேடைக் கழற்றி, பிஸ்டன் ஓரங்களைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அந்த பிரேக்குக்கு உரிய எண்ணெயை ஒரு துளி தடவுங்கள். முந்தி வரும் பிஸ்டனைப் பிளாஸ்டிக் டயர் லிவரால் தடுத்துக்கொண்டு, சோம்பல் பிஸ்டன் வெளியே வரும்வரை மெதுவாக பிரேக் லிவரை இழுங்கள். முழுவதும் வெளியே வந்து விழ விடாதீர்கள். எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் நான்கும் சேர்ந்து நகரும். எண்ணெயை ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்த பிறகே பேடை மாட்டுங்கள்.

அடுத்து சக்கரத்தை மாட்டி, காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, ரோட்டரின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்றைப் பாருங்கள். இரண்டும் சமமாகும் வரை கையால் காலிப்பரை நகர்த்தி, இரண்டு போல்ட்டையும் கால் சுற்று கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுவதும் இறுக்கினால் காலிப்பர் திருகிக்கொள்ளும். சிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். என்ன செய்தாலும் ஒரு மூலையில் உரசினால், காலிப்பர் உட்காரும் பரப்பில் பெயிண்ட் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிளீட் செய்யும்போது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, பேடையும் சக்கரத்தையும் வேறு அறையில் வையுங்கள். சிமானோ முறை சுருக்கமாக: பேட் இருந்த இடத்தில் பிளீட் பிளாக்கை (பிஸ்டன்கள் வெளியே வராமல் தடுக்கும் துண்டு) செருகி, லிவரில் புனலை மாட்டி, காலிப்பரிலிருந்து சிரிஞ்சால் எண்ணெயை மேலே தள்ள வேண்டும். குமிழ் புனலில் வந்து உடையும். கீழே காலிப்பரில் எண்ணெய் போகும் முனையான நிப்பிளை மூடிய பிறகு லிவரை 30 டிகிரி மேலும் கீழுமாகச் சாய்த்து மெதுவாக அழுத்தினால், மூலையில் ஒளிந்திருக்கும் குமிழும் வெளியே வரும். எண்ணெய்க் குழாயான ஹோஸைக் காலிப்பர் முதல் லிவர் வரை விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள்.

லிவரைக் கைப்பிடியை ஒட்டி வைக்காமல் ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் லிவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும். செங்குத்தான பாதைக்கு லிவரைச் சற்றுப் படுக்கையாக வைத்தால் மணிக்கட்டு மடங்காது. மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் முன்பிரேக்கை வலது கைக்கே வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பாவில் வாங்கிய வண்டியில் அது பெரும்பாலும் இடது கையில் இருக்கும், அவசரத்தில் கை மாறிவிடும்.

புது பேடை நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சமதளத்தில் மிதமான வேகம் எடுத்து நடை வேகத்துக்குக் குறைப்பதை 20 முறை, பிறகு இன்னும் வேகமாக 10 முறை செய்யுங்கள். சக்கரம் பூட்டக் கூடாது, முழுவதும் நிற்கவும் கூடாது. பேடின் பொருள் ரோட்டரில் மெல்லிய படலமாகப் படியத்தான் இது. சூடான பேட் ஒரே இடத்தில் நின்றால் அங்கே திட்டாகப் படிந்து, பிடிக்கும்போதெல்லாம் அதிரும்.

ஓட்டத்தில் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. லிவர் கெட்டியாகவே இருந்து பிடிப்பு மட்டும் குறைந்தால் பேட் சூடாகிவிட்டது, நிறுத்தி ஆறவிடுங்கள். இறக்கத்தின் நடுவே லிவர் திடீரென்று ஹேண்டில்பார் வரை வந்தால் திரவம் கொதித்திருக்கிறது. ஆறியதும் திரும்பச் சரியாகத் தோன்றும், அதை நம்பி அடுத்த ஓட்டம் போகாதீர்கள், திரவத்தை மாற்றுங்கள். கீச்சென்று கத்தி, பிடிக்கவும் மறுத்தால் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்து மீட்க முயல்வதைவிட புது பேட் போடுவதே சரி. ஆனால் முதலில் காலிப்பர் கசிகிறதா என்று பாருங்கள், கசிந்தால் புது பேடும் அடுத்த நாளே அப்படித்தான் ஆகும்.