குழந்தைக்கு யூடைமோனியா இல்லை என்றால் என்ன அர்த்தம்?

வணக்கம். அரிஸ்டாட்டிலைத் தமிழாக்கும்போது "குழந்தை மகிழ்ச்சியாக இருக்க முடியாது" என்ற வரியில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். 'மகிழ்ச்சி' என்று போட்டால் அந்த வரி அபத்தமாகத்தான் படும். பொம்மையோடு சிரிக்கிற பிள்ளையைப் பார்க்காதவரா அவர்!

கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் யூடைமோனியா. 'யூ' என்றால் நல்ல, 'டைமோன்' என்றால் தெய்வம் அல்லது ஆவி. நல்ல தெய்வத்தின் துணை வாய்த்த நிலை என்பது வேர்ப்பொருள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோடிடமே இதன் பெயரடையான 'யூடைமோன்' வருகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் கைக்கு வரும்போது தெய்வம் ஏறக்குறைய மறைந்து, செயல் முன்னால் வந்துவிடுகிறது. சிறப்புக்கு ஏற்ப ஆன்மா இயங்குவது, அதுவும் ஒரு முழு வாழ்நாள் அளவுக்கு: இதைத்தான் அவர் யூடைமோனியா என்கிறார். பிள்ளைக்கு அப்படிச் செயல்படும் வயது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் கணக்கு என்பதால்தான் டிராய் மன்னன் பிரியாமையும் இழுக்கிறார். செழிப்பாக வாழ்ந்து, முதுமையில் எல்லாம் இழந்து செத்தவனை யூடைமோன் என்று யாரும் சொல்ல மாட்டார்களே!

சரி, தமிழில் என்ன போடுவது? 'நல்வாழ்வு' பொருந்தும், ஆனால் சுகாதாரத் துறை ஞாபகம் வந்துவிடும். நானாக இருந்தால் 'வாழ்வாங்கு வாழ்தல்' என்பேன். "வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன்" என்று தொடங்கும் குறளின் இரண்டாம் அடியில் தெய்வமும் இருக்கிறது. பெயர்ச்சொல்லே வேண்டும் என்கிற இடங்களில் யூடைமோனியா என்றே விட்டு, முதல் முறை மட்டும் அடிக்குறிப்பு போடுங்கள்.